சாக விடமாட்டேன், மாமி!

விடிந்தும் விடியாத நேரத்தில், தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் தன் மாமி ராக்காயி தனியாகக் குந்தித் துணி அலசிக்கொண்டிருந்ததைச் சண்முகவடிவு பார்த்துவிட்டாள்.

கந்தப்பளைக் குளிரில் அந்நேரத்துக்குத் தண்ணீரில் கை வைக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாருக்கும் மனசு வராது. அதிலும் ராக்காயி, வெந்நீர் இல்லாமல் முகம்கூடக் கழுவாத மகராசி! குடமும் கையுமாக வடிவு நின்றாள். கல்லில் கிடந்த பழைய சேலைத் துண்டிலிருந்து தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"எவடி அவ, பூனை மாதிரி பின்னால வந்து நிக்கிறது?" கிழவி துணியை அவசரமாகச் சுருட்டினாள்.

"தண்ணி புடிக்க வந்தேன் மாமி."

"வந்தா தள்ளி நில்லு! ஒன்னோட நெழல் பட்டாகூட நான் தலை முழுகணும்... தெரியுமில்ல?"

வடிவு தள்ளி நின்றாள். இரண்டு வருஷமாக அவள் தள்ளித்தான் நிற்கிறாள். ஆனால் கண் மட்டும் அந்தச் சிவப்புத் தண்ணீரை விட்டு நகரவில்லை. ராக்காயிக்கு ஐம்பத்தெட்டு வயது. தீட்டு நின்று எத்தனையோ வருஷமாயிற்று. நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே கிளினிக்குக்கு வரவேண்டும் என்று மருத்துவிச்சி ரஜனி மிஸ் படித்துப் படித்துச் சொன்னது வடிவுக்கு மனப்பாடம்.

'சாகட்டும்!' என்று நினைத்தாள். மனசார நினைத்தாள்.

நினைக்கமாட்டாளா பின்னே? அவளுக்கு நடந்தது என்ன சாமானியமா?

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களெல்லாம் கர்ப்பப்பை வாய்ச் சோதனைக்கு வரவேண்டும் என்று ரஜனி மிஸ் லயம் லயமாக ஏறி இறங்கினாள். பெப் டெஸ்ட் என்றதும் மற்றப் பெண்கள் வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வடிவு போனாள். அதன் முடிவு கடிதமாக வந்தது.

தோட்டத்தில் கடிதம் யார் வீட்டுக் கதவையும் தட்டாது. எல்லாம் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து காலைப் பெரட்டுக் களத்துக்கு வரும். வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும் இடத்தில் கந்தப்பன் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டிப் பழகிப் பழகி, எந்தக் கடிதமானாலும் தானே கிழித்து வாசிப்பது அவருக்கு வழக்கமாகவே போய்விட்டது. யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. வடிவின் கடிதத்தையும் அப்படித்தான் கிழித்தார். சிங்களத்தில் ஒரு கடிதம், கூடவே ஒரு துண்டுப் பிரசுரம்.

"வடிவு... டெஸ்டுல ஏதோ கோளாறாம். திரும்ப வரச் சொல்லியிருக்கு. இது வந்து... ஆம்பள பொம்பள சேர்க்கையால தொத்துற கிருமியால வர்றதாம்," என்றார் சத்தமாக.

பிரசுரத்தின் மறுபக்கத்தை அந்த மனுஷன் திருப்பவேயில்லை. நூறு பேர் முன்னால் பாதியை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

ராக்காயி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். "எம்மகன் உத்தமன்டி! நீ எவன்கிட்ட வாங்கிட்டு வந்த இந்தச் சீக்க? நாசமாப் போயிருவ!" என்று வடிவின் முகத்தில் தூற்றினாள். புருஷன் பொன்னையா, கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் அவள் பாயைத் தூக்கி வெளித் திண்ணையான இஸ்தோப்பில் போட்டான்.

நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை அவள் தனியாகத்தான் போனாள். கெட்டுப்போன இடத்தைச் சுட்டு எடுத்தார்கள். வியாதி புற்றாக முற்றுவதற்கு முன்னாலேயே பிடிபட்டதால் பிழைத்தாள். விளக்கம் சொல்ல வந்த ரஜனி மிஸ்ஸை ராக்காயி வாசலோடு திருப்பி அனுப்பினாள். வடிவு எங்கும் ஓடிப்போகவில்லை. தப்புச் செய்தவள் ஓடட்டும், நான் ஏன் ஓடவேண்டும் என்று அந்த இஸ்தோப்பிலேயே கிடந்தாள். மகள் சுலக்ஷனா பாட்டிக்குத் தெரியாமல் வந்து அம்மாவை ஒட்டிப் படுத்துக்கொள்வாள்.

ஆகவே, 'சாகட்டும்' என்று நினைத்த அந்த நாள் வடிவுக்கு நல்ல நாள். மலையில் கொழுந்து எடுக்கும்போது வாய்க்குள் பாட்டு வந்தது. பக்கத்து நிரையில் நின்ற பேச்சியம்மா, "என்னடி, மூஞ்சியில களை கட்டுது?" என்று கேட்டாள். வடிவு சிரித்தாள். மூன்று வாரம் அந்தச் சந்தோஷத்தோடே இருந்தாள். ராக்காயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும், சோற்றைப் பாதியில் தள்ளுவதையும் இஸ்தோப்பில் இருந்தபடி ஆசை தீரப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்தவளும் ராக்காயிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், காம்பரா அறைக்குள் அம்மாவும் மகனும் பேசியது சுவர் தாண்டிக் கேட்டது.

"டேய் பொன்னையா, என் ஒடம்பு எனக்கே புடிபடல. நான் செத்தா... அந்தக் கெட்டவ எனக்கு வாய்க்கரிசி போடக்கூடாது. பொணத்துக்கிட்டயே அவ வரப்படாது. சத்தியம் பண்ணுடா!"

"சரிம்மா... சரி."

வடிவுக்கு நெஞ்சு எரிந்தது. அப்படியா சங்கதி? செத்தும் பழியை விட்டுவிட்டுத்தான் போகப்போகிறாளா? நாளைக்கு லயமே கூடி நிற்க, நான் மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும். சொன்னவள் மண்ணுக்குள் போய்விட்டால் சொன்ன சொல்லை யார் திரும்ப வாங்குவது? என் மகளைப் பெண் கேட்டு வருகிறவனிடம் யார் பதில் சொல்வது?

மறுநாள் விடியலில் பீலிக்கரையில் வடிவு கிழவிக்கு முன்னாலேயே போய் நின்றாள்.

"துணிய இங்க குடுங்க மாமி."

"என்னடி, திமிரா?"

"ஒங்களுக்கு ரத்தம் படுது. ஒரு மாசமாப் படுது. புதன்கிழமை என்கூடக் கிளினிக்குக்கு வரணும். வரலன்னா இந்தத் துணியப் பெரட்டுக் களத்துல விரிச்சுக் காட்டுவேன்!"

ராக்காயி ஈரத் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான்... நான் செத்தா ஒனக்கு நல்லதுதானேடி?" என்றாள் கடைசியில்.

"நல்லதுதான். ஆனா ஒங்கள நான் சாக விடமாட்டேன் மாமி! சும்மா செத்துப்போயித் தப்பிச்சிரலாம்னு நெனைக்காதீங்க!"

புதன்கிழமை கிழவி முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். வடிவு நாலு சீட் தள்ளி உட்கார்ந்தாள். கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி, அங்கே சதை எடுத்துச் சோதனை என்று ஒரு மாதம் அலைச்சல். முடிவைத் தபாலில் அனுப்பவேண்டாம், கையில் தாருங்கள் என்று ரஜனி மிஸ் டொக்டரிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

"அம்மா, இது கர்ப்பப்பை வாயில புற்றுநோய். பயப்படாதேங்கோ, தொடக்கம்தான். ஒப்பரேசன் செய்தால் சுகப்படுத்தலாம்," என்று கிளினிக்கில் வைத்துச் சொன்னாள் மிஸ். யாழ்ப்பாணத்துப் பேச்சு அவளுக்குப் பத்து வருஷமாகியும் மாறவில்லை. "வடிவுக்கு வந்த அதே கிருமியாலதான் இதுவும் வாறது."

ராக்காயி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அதே கிருமியா? என்ன பேசுறீங்க? எம்புருஷன் செத்து இருவத்தியோரு வருஷம்! நான் எந்த ஆம்பளையையும் ஏறெடுத்தும் பார்த்ததில்ல! என்னைப் போயி..."

இந்த நிமிஷத்துக்காகத்தான் வடிவு ஒரு மாதம் பஸ் ஏறினாள்.

"அதத்தான் நானும் கேக்குறேன்," என்றாள் நிதானமாக. "மாமா போயி இருவத்தியோரு வருஷம். அப்ப நீங்க எவன்கிட்ட வாங்கிட்டு வந்தீங்க மாமி?"

கிழவியின் முகம் சாம்பலாயிற்று. மறுபடி உட்கார்ந்தாள். அந்த முகத்தைப் பார்க்க வடிவுக்கு எவ்வளவு இனித்தது! இரண்டு வருஷத்துக் கசப்புக்கு அந்த ஒரு நிமிஷம் போதாதென்று கூடத் தோன்றியது.

"வடிவு, போதும்!" என்று அதட்டினாள் மிஸ். "இஞ்ச பாருங்கோ அம்மா. இந்தக் கிருமி இருபது முப்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் உடம்பில கிடக்கும். உங்கட மனுசனிட்ட இருந்து வந்திருக்கும், அவருக்கே தெரிஞ்சிருக்காது. கலியாணம் கட்டின எந்தப் பொம்பிளைக்கும் வரலாம். இதை வைச்சு ஆரின்ர நடத்தையையும் அளக்க ஏலாது. வடிவுக்கு வந்த கடதாசியின்ர மறுபக்கத்தில இதுதான் எழுதியிருந்தது."

"இதுக்கு ஊசி வந்திருக்காமே மிஸ்?" என்று வடிவு கேட்டாள். அவள் மனசில் சுலக்ஷனா இருந்தாள்.

"வெளிநாட்டில வந்திட்டுது. இஞ்சயும் ஒருநாள் வரும், பிள்ளையளுக்கு அது நல்ல காவல். ஆனா வந்த கிருமியை ஊசி கலைக்காது. எங்கட வயசுக்காரர் சோதிச்சுக்கொண்டுதான் இருக்கோணும்."

வெளியே வந்ததும் ராக்காயி மருமகள் கையைப் பிடித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாகத் தொட்டாள். "வடிவு... ஒப்பரேசனுக்கு நீ கூட இருப்பியா? எனக்கு வேற பொம்பள யாருடி இருக்கா?"

"இருக்கேன். ஆனா மொதல்ல மண்ணள்ளித் தூத்துன எடத்துல நின்னு, நீங்க சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அதே களத்துல, அதே சனத்துக்கு முன்னால."

"அதுக்கு நான் செத்தே போயிருவேன்டி..."

"சாகத்தான் விடமாட்டேன்னு சொன்னேனே!"

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் கந்தப்பன் பெயர் கூப்பிடத் தொடங்குமுன் ராக்காயி நடுவில் வந்து நின்றாள். முக்காட்டை எடுத்தாள்.

"எல்லாரும் கேளுங்க... இந்த எடத்துல நான் எம்மருமக மேல மண்ணள்ளித் தூத்துனேன். அது பொய்ப் பழி. அவ நெருப்பு!"

வடிவு கேட்டது அவ்வளவுதான். ஆனால் கிழவி அதோடு நிறுத்தவில்லை.

"அதே கிருமி எனக்கும் இருக்கு! புத்துநோயாம் எனக்கு! நான் எப்படி வாழ்ந்தேன்னு ஒங்களுக்குத் தெரியும். இப்ப எவளாச்சும் வந்து எம்மேல மண்ணள்ளிப் போடுங்க! வாங்கடி! ஏன் நிக்கிறீங்க?"

ராக்காயி குனிந்தாள். தானே ஒரு கை மண்ணை அள்ளித் தன் தலையில் கொட்டிக்கொண்டாள். நரைத்த முடியிலிருந்து மண் உதிர்ந்தது. வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதல் கையை அவள் தடுக்கவில்லை. தடுக்க மனசு வரவில்லை, அதுதான் உண்மை. இரண்டாவது கை உயர்ந்தபோது ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் மாமி... போதும்!"

கிழவி அவள் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். பேச்சியம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். கந்தப்பன் செக்ரோல் பெயர்ப் புத்தகத்தை விட்டுத் தலை நிமிரவில்லை.

பொன்னையா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். "வடிவு... உள்ளுக்கு வந்து படுத்துக்க. நடந்தது நடந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்."

வடிவு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கலியாணத்துக்கு முன்னால நாலு வருஷம் கொழும்புல ஹோட்டல் வேலையில இருந்தீங்க. இந்தக் கிருமி ஒங்ககிட்டேருந்து வந்துச்சான்னு என்னைக்காச்சும் நான் கேட்டேனா? ஒங்க பாயத் தூக்கி வெளியில போட்டேனா?"

அவன் கவ்வாத்துக் கத்தியைக் கை மாற்றிக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கும் இப்படித்தான் நின்னீங்க. ஒங்க ஆத்தா சொன்ன மாதிரி, இந்த எடத்துல நின்னு நீங்களும் சொல்லுங்க. சொல்ற வரைக்கும் எனக்குப் புருஷன் இல்ல."

பொன்னையா சுற்றி நின்ற ஆண்களைப் பார்த்தான். கந்தப்பனைப் பார்த்தான். கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைப்பக்கம் நடந்துவிட்டான். வடிவு அவனைக் கூப்பிடவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மாமியும் மருமகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாதி வழியில் ராக்காயி மருமகளின் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வடிவு... என்னைய மன்னிச்சிட்டியாடி?"

"இல்ல மாமி."

கிழவியின் கண் நிறைந்தது. வடிவு அவள் முக்காட்டை இழுத்துக் காதை மூடிவிட்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வேணும். அதுவரைக்கும் நீங்க உசுரோட இருக்கணும்," என்றாள்.