சாலைக்கு அடியில் ஓர் ஊர்

மாலை வகுப்பு முடிந்து துறைமுகத்துக்கு வந்தேன். வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. எங்கோ மீன் பொரிக்கும் வாசம். அலைத்தடுப்புச் சுவரின் முனையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

வலை போடப் போன அண்ணன் தன்னூஸ் வரவில்லை. படகு மட்டும் வந்திருந்தது. கடலில் தொலைந்தவனை எங்கள் சூர் நகரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம்; பெயர் தெரிந்தால் கடல் விடாது. ஊரின் பெயரைத்தான் கூவுவோம். அதைக் கேட்டு அவன் கரை சேர வேண்டும்.

"சூர்... சூர்..." அம்மாவின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நீ கூப்பிடு ஹனீன். படிச்சவ குரலாச்சும் அந்தக் கழுதைக்குக் கேக்குதான்னு பாப்போம்" என்றார் படகுக்காரர் அபூ ஷஃபீக். முகத்தைக் காட்டாமல் திரும்பிக்கொண்டார்.

கூவினேன். கடல் அப்படியே கிடந்தது.

அன்று வகுப்பில் கேட்டது நினைவுக்கு வந்தது. சூர் ஒரு காலத்தில் தீவு. அதைப் பிடிக்க வந்த அலெக்சாண்டர் எதிர்க்கரையில் இருந்த ஊஷூ என்ற ஊரை இடித்து, அந்த வீட்டுக் கற்களைக் கொட்டிக் கடலில் பாதை போட்டான். அதன் மேல்தான் எங்கள் தெரு இருக்கிறது. இடிபட்ட ஊரின் பெயரும் ஒரு பெயர்தானே? சரியாக யோசித்தேனா என்று இப்போதும் தெரியவில்லை. அப்போது வேறு வழி எதுவும் மிச்சமிருக்கவில்லை.

"ஊஷூ" என்று கூவினேன்.

அலைச் சத்தம் நின்றது.

"என்னடி சொன்னே?" அம்மா கிசுகிசுத்தாள்.

பதில் கடலிலிருந்து வரவில்லை. எங்களுக்குப் பின்னால், ஊருக்குள் போகும் சாலைக்கு அடியிலிருந்து வந்தது. பலர் ஒன்றாகத் தூக்கத்திலிருந்து முனகுவதுபோல.

வீட்டுக்கு ஓடினோம்.

வாசலில் தன்னூஸ் நின்றிருந்தான். உடம்பில் ஈரமே இல்லை. தலைமுடி முழுக்கக் கல்தூள். கருகிய மரத்தின் வாடை.

அம்மா அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தோளுக்கு மேலாக எங்கள் சுவரைப் பார்த்தான்.

"இது எங்க வீட்டுக் கல்லு. எப்பத் திருப்பித் தருவீங்க?"

"அம்மா, இது அண்ணன் இல்லம்மா."

"வாயை மூடு. வந்துட்டான்ல, அது போதும்."

உள்ளே போய் அவனுக்கு ரொட்டி எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை. தரையை நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.

அதன்பின் பொழுது சாயும்போதெல்லாம் கடலுக்குள்ளிருந்து அண்ணனின் குரல் கேட்கிறது.

"தங்கச்சி, ஊர் பேரச் சொல்லு. வழி தெரியல."

சுவர் முனைக்கு ஓடுகிறேன். சூர் என்று கூவத்தான் வாயைத் திறக்கிறேன். அந்த இன்னொரு பெயர்தான் வருகிறது.

பின்னால், தெருவில், இன்னொரு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது.