கதைக்காத போன்

றேடியோ மறுபடியும் இரைந்தது. ஆனால் போன் அடிக்கவில்லை.

ஷிஹானா கீரை ஆய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு, றேடியோவும் போனும் கிடந்த குசினித் தட்டைப் பார்த்தாள். மற்ற நாள்களில், அந்தியில் மஃரிப் பாங்கு முடிந்ததும், பாட்டுக்கு நடுவே டிக்கிடி டிக்கிடி என்று றேடியோ இரையும். உடனே பக்கத்தில் கிடக்கும் அவளுடைய போனில் ஒரேயொரு றிங் வந்து அறுந்துவிடும். கப்பப் பணம் கேட்டு மிரட்டும் ஆட்கள் தங்கள் கடைக்கு வந்துபோனதிலிருந்து நாஸிம் வவுனியாவுக்குள்ளேயே வீடு மாறி வீடு ஒளிந்திருந்தான். கணவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அந்த றிங்தான் அடையாளம். எடுக்காத போனில் யார் எதை ஒட்டுக்கேட்க முடியும்?

நாஸிமின் தம்பி சப்ராஸ்தான் நேற்று வந்து அவள் நிம்மதியைக் கெடுத்தான்.

"நாஸிம் நானா கதைக்காட்டியும் அவர்ர போன் சும்மா இராது, மதினி. ஒன்ல கிடந்தாலே இஞ்ச நிக்கிறன், இஞ்ச நிக்கிறன் எண்டு டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இடையில ஒருத்தன் காதுகுடுத்தாக் காணும், ஆள் நிக்கிற இடம் தெரிஞ்சிடும்."

"உன்ர வாயைப் போல எண்டு சொல்லு," என்று மழுப்பியிருந்தாள்.

இப்போது, றேடியோ இரைவது தன் போனால்தானா என்று பார்க்க, அதன் முதுகைக் கழற்றிப் பற்றரியை வெளியே எடுத்தாள். அடுப்பில் பருப்பு கொதித்தது; கூரைத் தகரங்கள் வெயில் சூடு தணிந்து ஒவ்வொன்றாய்ச் சடசடத்தன; அடுத்த வளவில் எவரோ குப்பை கொளுத்திய புகை யன்னலால் நுழைந்து கண்ணைக் கரித்தது.

டிக்கிடி டிக்கிடி.

இது அவளுடைய போன் இல்லை. இன்னொன்று. பக்கத்தில்.

றேடியோவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள். சத்தம் தேய்ந்தது. குசினிக்குத் திரும்பினாள். வளர்ந்தது. பின்கதவு. இன்னும் பெரிதாக.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு.

"புள்ள, நான்தான். திற."

நாஸிம். தாடி வளர்ந்து, வேர்த்து, சிரித்துக்கொண்டு. அவன் சட்டைப் பைக்குள் போன் நீலமாக மினுங்கியது.

"ஏன் வந்தீங்க?"

"உன்னைப் பாக்காம இருக்க ஏலேல்ல. பயப்படாத. ஒருத்தனுக்கும் தெரியாது. வாற வழியில போன்ல ஒரு சொல்லும் கதைக்கேல்ல."

அவள் கையில் றேடியோ இரைந்தது. சட்டென்று அதை நிறுத்தினாள்.

டிக்கிடி டிக்கிடி.

வேலிக்கு அப்பால், விளக்கில்லாமல் நின்ற வான் வண்டியொன்றின் றேடியோவில், அதே சத்தம்.