சித்திரைப் பந்தல் தண்ணீர்

அடுப்பில் ஏற்றாத பானையில் குமிழி வந்துகொண்டிருந்தது. திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி, கீரமங்கலத்து வெயிலில் நடந்து வீடு வந்த ரெங்கசாமி, சமையலறை இருட்டில் பானைக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றான். தேத்தாங்கொட்டை உரைத்துத் தெளியவைத்த ஊருணித் தண்ணீரில், அடியிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் சத்தமில்லாமல், அவசரமில்லாமல் மேலே வந்து உடைந்தன. வந்ததும் வராததுமாக மனைவி கண்ணாத்தாள் நீட்டிய செம்புத் தண்ணீரை அவன் ஏற்கெனவே குடித்து முடித்திருந்தான்.

திருச்சியில் பாடம் சொல்லித்தரும் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இதே குமிழிகளை இரண்டு வருஷமாகப் பார்த்தவன் அவன். ரேடியம் பட்டால் தண்ணீர் உடையும். உடைந்த துண்டுகளுக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆயுள் கிடையாது. அதற்குள் பக்கத்தில் இருப்பதைக் கவ்விச் சிதைத்துவிட்டுத்தான் சாகும். அடுத்த நொடியே புதிது பிறக்கும். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்று பையன்களுக்குச் சொன்னபோதெல்லாம் அவனுக்குப் பயம் வந்ததில்லை.

கண்ணாத்தாளின் மார்பில் கட்டி என்றதும் புத்தி கெட்டுத்தான் போயிற்று. கட்டியைக் கரைக்கும் என்று, போன மாசம் ஆய்வுக்கூடத்து ரேடியக் குழாயை ஈயப்பெட்டியோடு யாருக்கும் தெரியாமல் எடுத்துவந்து, தினம் கால்மணி நேரம் துணியில் சுற்றிக் கட்டச் சொல்லிவிட்டுப் போனான்.

ஈயப்பெட்டி திறந்து கிடந்தது. காலி.

"அத எங்கிட்டு வச்ச?"

"பானையிலதாங்க. வெளிய கட்டுனாலே கேக்குதுன்னா, உள்ள போனா இன்னும் நல்லதுதானே? சாரம் எறங்கட்டும்னு ஒடச்சுப் போட்டேன்."

கட்டி பாதி கரைந்துவிட்டதாம். சொல்லிச் சிரித்தாள். ஈறுகளில் ரத்தம் கசிந்திருந்தது.

பானையைக் கவிழ்க்கத் தூக்கினான். லேசாக இருந்தது. கால்பானைகூட இல்லை.

"மீதி எங்க?"

"நான் மட்டும் குடிச்சுப் பொழைச்சா ஆகுமா? நேந்துக்கிட்டேன். சந்தைக்கு வாரவுகளுக்குப் பந்தல் போட்டு ஊத்துறோம். பத்து நாளாச்சுங்க."

வாசலுக்கு ஓடினான்.

சந்தை நாள். தெருவை அடைத்து வண்டிகள். கீற்றுப் பந்தலின் கீழே புதுப்பானை. அவன் மகள் ராசாத்தி அகப்பையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். எதிரே வரிசை.

கத்த வேண்டும். வாய் திறந்தது. வண்டிகளுக்கு நடுவே புகுந்தான்.

ஏந்திய கைகள். நிறைந்தன. வழிந்தன. அடுத்த கைகள்.

குடித்து முடித்த கிழவர் ஒருவர் ஈரக்கையை அவள் தலையில் வைத்தார். "நல்லாருப்ப தாயி."

ராசாத்தி வெட்கப்பட்டாள். பிறகு அகப்பையில் மிச்சமிருந்ததை அண்ணாந்து தன் வாயில் ஊற்றிக்கொண்டாள்.