பீரோவுக்குள் இளைத்த கல்

எடையளவுத் துறையில் முப்பது வருடம் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் ஹப்சா. பாகூரில் அவர் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கவேல் வந்தார். ஹப்சா உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"திருடிட்டானுங்க. கவர்மெண்டுப் பக்கமே போவக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னேன்."

பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார் கலைவேந்தன். கிருமாம்பாக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர். மர்மம் என்று காதில் விழுந்தால் கடைக்கு ஷட்டரை இழுத்துவிடும் ஆள். "நான் சொல்றேங்க்கா" என்று அவரே ஆரம்பித்தார்.

தங்கவேலுக்குக் கிருமாம்பாக்கத்தில் சிமெண்ட் கல் வார்க்கும் பட்டறை. கடல் அரிக்கும் கரைக்காக மூன்று கால் வைத்த ஒரு கல்லை அவர் யோசித்து வைத்திருந்தார். ஒன்றின் காலில் ஒன்று மாட்டிக்கொள்ளும், அலை பிரிக்காது. எந்த ஆபீசில் காட்டினாலும் ஒரே கேள்வி: "டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?"

சென்னையில் ஒரு அரசு ஆய்வகம். நீளத் தொட்டியில் மிஷினால் அலை எழுப்பி, சின்ன மாதிரிக் கற்களை அடுக்கி, நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வெளியாரும் கேட்கலாம். வரைபடத்தோடு மனுப் போட்டு, கட்டணம் கட்டி, தேதி வாங்க வேண்டும். கலைவேந்தன்தான் மனுப் போட்டார். வரைபடத்தை யாருக்கும் காட்ட மாட்டோம் என்று அவர்கள் கையெழுத்துப் போட்டே அனுப்பினார்கள். தங்கவேல் அதையும் நம்பவில்லை.

பன்னிரண்டு நாள் முன்பு தொண்ணூற்றாறு மாதிரிக் கற்கள் பெட்டியில் வேனேறிப் போயின. நேற்று ஆய்வகத்துப் பெண் இன்ஜினியர் அமிர்தம் போன் செய்தார். தங்கவேலின் தாளில் கல்லுக்கு நூற்றைம்பது கிராம். அங்கே நிறுத்தால் நூற்று முப்பத்தெட்டு. சோதனை திங்கட்கிழமை. இன்று மாலை ஐந்துக்குள் எழுத்தில் விளக்கம் வராவிட்டால் தேதி அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். மறு தேதி நாலு மாதம் கழித்து, மழைக்காலமெல்லாம் முடிந்து.

"வேன் ஓட்டுன நவாஸுதான்" என்றார் தங்கவேல். "என் கல்ல எவனுக்கோ குடுத்துட்டு வேற கல்ல வெச்சிட்டான். ஸ்டேஷனுக்குப் போறேன்."

"போங்கண்ணே" என்றார் ஹப்சா. "பெட்டியச் சாட்சின்னு சீல் வைப்பாங்க. திங்கட்கிழமை அலைய யாரு மேல அடிப்பாங்க?"

தங்கவேல் உட்கார்ந்தார்.

"உங்க கல்லுன்னு அடையாளம் இன்னா?"

"ஒவ்வொன்னு அடியிலயும் என் கட்டைவிரல அழுத்துவேன்." விரலைக் காட்டினார். குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு.

ஹப்சா அமிர்தத்திடம் கேட்டதும் படங்கள் வந்தன. தொண்ணூற்றாறு கல்லிலும் அதே விரல், அதே தழும்பு.

"அப்ப இது உங்க கல்லுதான். மாத்தல."

"அப்புறம் எப்படிம்மா எளைச்சுது?"

"மிச்சம் ஒன்னாவது இருக்கா?"

தங்கவேல் கலைவேந்தனை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஒன்னு இருக்கு. பீரோவுல. யாருக்கும் தெரியாது."

"எனக்குக்கூடவா!" என்றார் கலைவேந்தன்.

"உனக்குத்தான் மொதல்ல."

மூவரும் பட்டறைக்குப் போனார்கள். ஹப்சா நவாஸையும் வரச் சொல்லியிருந்தார். அவன் வேனை விட்டு இறங்காமலேயே இருந்தான்.

ஹப்சா பையிலிருந்து தன் முத்திரை எடைக்கல்லை எடுத்துத் தங்கவேலின் தராசைச் சோதித்தார். தராசு சரி. எடை எழுதிய நோட்டைப் பார்த்தார். பக்கம் முழுக்க மை கரைந்து பரவியிருந்தது. பிறகு வெளியே பார்த்து, "நவாஸு, பெட்டிய ஏத்துனப்ப எதுனா பாத்தியா?" என்றார்.

"தண்ணி சொட்டுச்சு மாமி. வேனெல்லாம் ஈரம். சொன்னேன். உன் வேலையப் பாருடான்னாரு."

தங்கவேல் அரைஞாணிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். வேட்டியில் சுற்றியிருந்த கல் தராசில் உட்கார்ந்தது.

நூற்று முப்பத்தெட்டு.

தங்கவேல் சாவியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"பீரோவுக்குள்ளயும் பூந்துட்டானா?" என்றார் கலைவேந்தன் ஆவலாக. "அண்ணே, குளிக்கறப்ப சாவிய எங்க வெப்பீங்க?"

"செத்த சும்மா இருப்பா" என்றார் ஹப்சா. "சென்னைக்குப் போன கல்லும் பன்னண்டு கிராம் குறைஞ்சுது. பூட்டு போட்டு வெச்ச கல்லும் அதே பன்னண்டு குறைஞ்சுது. ரெண்டுத்துலயும் கை வெச்ச திருடன் எவனும் கெடயாது. கல்லுக்குள்ளேருந்துதான் ஏதோ போயிருக்கு. அண்ணே, வழக்கமா விக்கிற கல்லையெல்லாம் இறுகறதுக்குப் போட்ட தண்ணித் தொட்டிலேருந்து எடுத்து இன்னா பண்ணுவீங்க?"

"ஒரு வாரம் களத்துல காய வைப்பேன்."

"இந்த மாதிரிக் கல்லுங்கள?"

தங்கவேல் சாவியை மறுபடி அரைஞாணில் முடிந்தார். "காய வைக்கல. களத்துல வெச்சா ரோட்டுல போறவன் மாதிரியப் பாத்துடுவான்னு, தொட்டிலேருந்து எடுத்து, நிறுத்து, நேரா பெட்டில வெச்சு ஆணி அடிச்சிட்டேன்."

"நோட்டு நனைஞ்சதும் அதனால, வேன் நனைஞ்சதும் அதனால. நீங்க நிறுத்தது தண்ணி குடிச்ச கல்ல. அவங்க நிறுத்தது காஞ்ச கல்ல. போனது தண்ணி மட்டுந்தான்."

அந்தக் கல்லை வாளித் தண்ணீரில் போட்டார்கள். மூன்று மணி நேரம் ஊறவிட்டார்கள். இரண்டு மணிக்குத் துடைத்து நிறுத்தால் நூற்று நாற்பத்தொன்பது. ஹப்சா இரண்டு எடையையும் எழுதினார். கலைவேந்தன் கடைக்கு ஓடி அனுப்பினார்.

நாலரைக்கு அமிர்தமே கூப்பிட்டார். "தேதியில மாற்றமில்ல ஐயா. இன்னிக்கே கல்ல ஊறப் போட்டுடறேன். எப்படியும் தொட்டித் தண்ணிக்குள்ளதானே நிக்கப் போவுது. எடை ஒத்துப் போகாம அடிச்சுப் பார்த்தா ரிப்போர்ட்ட ஒருத்தரும் ஏத்துக்க மாட்டாங்க. அதான் கேட்டேன்."

தங்கவேல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கவர்மெண்டு ஆளிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். "நீ கேக்காம விட்டிருந்தாலும் உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல தாயி. கேட்ட பாரு. நல்லா இரு." ஹப்சாவைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டார்.

நவாஸ் இன்னும் வேனில்தான் இருந்தான். தங்கவேல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் வைத்தார்.

"காலையில உன் பேர ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோவப் பாத்தேன். மனசுல வெச்சுக்காத."

"கேள்விப்பட்டேன்."

"திங்கக்கெழம அந்தத் தொட்டியப் பாக்கப் போறேன். நீதான் கூட்டிக்கினு போவணும். இந்தக் கல்லு அதுவரைக்கும் உன் வூட்டுல இருக்கட்டும்."

நவாஸ் வாளிக்குள் எட்டிப் பார்த்தான். "யாருக்கும் காட்டக் கூடாதா?"

"தாராளமா காட்டு" என்றார் தங்கவேல். "தண்ணி மட்டும் வத்தாம பாத்துக்க."