டப்பாப் பாசம்

சவரிராயன் தாய்ப்பாசத்தை முழு அளவில் திறந்துவிட்டுத் தரையில் மண்டியிட்டதும் நாய் மூத்திரம் போனது.

“வாம்மா கண்ணு. அப்பாகிட்ட வா. ஒண்ணும் செய்ய மாட்டேன், வா.”

நாய் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. பின்னங்கால்கள் வெடவெடத்தன. மஞ்சள் ஈரம் சோபாவின் காலைச் சுற்றிக்கொண்டு அவருடைய வேட்டி நுனியைத் தொட்டது.

“ஏட்டி பிரகாசி, துணி கொண்டா.”

“வரமாட்டேன். ஒங்க பாசத்துக்கு நீங்களே தொடைங்க” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. “வீடா இது? பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் மாதிரி நாறுது.”

“பாவம்ட்டி. பயப்படுது.”

“பயப்படுதத ஏன் போயிப் போயிக் கொஞ்சுதீங்க?”

ஊரில் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அகமணி பதித்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மிளகளவுதான் இருக்கும். மனத்தில் ஓடும் உணர்வை ஓர் அறை தூரத்துக்கு அது பரப்பும். அடுத்தவர் காதிலுள்ள மணி வாங்கிக்கொள்ளும். இனிப் பொய்யே இருக்காது என்று ஆரம்பத்தில் கொண்டாடினார்கள். உண்மையிலேயே இல்லாமல் போனதும் ஒருவராலும் தாங்க முடியவில்லை. நாடி பிடிக்கும்போது மருத்துவருக்கு உள்ளே என்ன ஓடுகிறது, காபி நீட்டும்போது மருமகளுக்கு என்ன ஓடுகிறது என்பதெல்லாம் பச்சையாகத் தெரிந்தால் யார் யாரோடு குடித்தனம் நடத்துவது? அதற்குப் பிறகுதான் பதனங்கள் கடைக்கு வந்தன. எங்கோ ஒரு தாய்க்குத் தன் பிள்ளையைப் பார்த்தபோது சுரந்ததைப் பதிந்து, ஊறுகாய் மாதிரி அடைத்து விற்றார்கள். அகமணியில் பதனம் ஓடினால் சொந்த உணர்வு வெளியே போகாது. துக்க வீட்டுக்கு அனுதாபம், அலுவலகத்துக்குப் பணிவு, வீட்டுக்குத் தாய்ப்பாசம். ஒன்றும் போடாமல் நடமாடுகிறவர்களைப் ‘பச்சையாகத் திரிகிறவர்கள்’ என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

பிரகாசி வீட்டுக்குள் பச்சையாகத்தான் இருப்பாள். அடுப்புக்கும் அம்மிக்கும் எதற்குப் பணிவு? சவரிராயன் அப்படியில்லை. தூங்கும்போதுகூட அவருக்கு ஏதாவது ஒன்று ஓட வேண்டும்.

நாயைக் கேட்டு வாங்கியது அவர்தான். செம்மண் தேரி மணல்மேடுகளுக்குள் பணக்காரர்கள் நாய் விட்டு முயல் வேட்டையாடும் பண்ணைகளைப் போலீஸ் மூடியபோது நாய்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். இது சிப்பிப்பாறைப் பெட்டை. ஓடுவதற்கென்றே இழைத்த உடம்பு. இப்போது விலாவை எண்ணலாம். ஒரு காதில் பாதி இல்லை. மீதிக் காதில் சீழ். தொடை நெடுகச் சூடு வைத்த வட்டங்கள். வேட்டை நாய்களுக்கும் மண்டையோட்டுக்குள் மணி உண்டு. எஜமானின் வெறி நேராக அதற்குள் பாய வேண்டும் என்பதற்காகக் குட்டியிலேயே வைத்துவிடுவார்கள். எடுத்தால் நாய் செத்துப்போகும்.

ஆடி முடிவதற்குள் மீட்புத் துறை அலுவலர் பார்வைக்கு வருவார். நாய்க்குப் பயம் தெளிந்து, வீட்டில் அன்பு தேறியிருந்தால் நாய் இவர்களுக்கு. தேறாவிட்டால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள்.

பிரகாசிக்கு நாய் என்றாலே ஆகாது. இது வந்த பிறகு குமட்டலிலேயே பொழுது விடிந்து பொழுது போனது. தின்றதைக் கக்கும். கக்கியதை நக்கும். அதன் வாலடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவளால் அன்றைக்குச் சோறு தின்ன முடியாது. ஆனாலும் சவரிராயன் வேலைக்குப் போனதும் அது பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நீள அகப்பையில் சோற்றை அள்ளி, எட்ட நின்று தட்டில் கொட்டினாள்.

“ஏ நாத்தம். தின்னு. தின்னுட்டு அங்கிட்டே கெட. இங்கிட்டு வந்தேன்னா அகப்பையாலயே போடுவேன்.”

நாய் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. எழுந்து வந்தது. தின்றது. தட்டு காலியானதும் நேராக அடுப்படிக்கு வந்து, அவள் பாதத்துக்குப் பக்கத்தில் சுருண்டு, பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

“சீ. எந்திரி. ஏ நாத்தம், எந்திரிங்கேன்லா.”

வால் ஒரு தடவை தரையில் தட்டியது.

சவரிராயன் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். “ஒனக்கு அதக் கண்டாலே ஆகாது. ஒங்கிட்டப் போயிப் படுத்திருக்கு பாரேன்.”

அவர் குரல் கேட்டு அல்ல, அவர் மணியிலிருந்து பாசம் வந்து தொட்டதும் நாய் துள்ளி எழுந்து பிரகாசியின் கால்களுக்கு நடுவில் தலையைச் செருகியது. தரை நனைந்தது.

“அய்யோ, எங்காலு. ஏங்க, மொதல்ல ஒங்க டப்பாவ மூடுங்க.”

“எத?”

“அந்தத் தாய்ப்பாசத்த. மூடிப் பாருங்கங்கேன்.”

“பச்சையாவா? நான் என்ன வெக்கங்கெட்டவனா?”

“எம்முன்னாலதான. மூடுங்க.”

அவர் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்த் தயங்கி, அழுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து பிரகாசிக்குத் தெரியாத ஒன்று அவரிடமிருந்து வந்து அவள் அடிவயிற்றில் குளிர்ந்தது.

“நாயக் கண்டா ஒங்களுக்குப் பயமா?”

“சின்னதுல ஒண்ணு கடிச்சிட்டு.”

“பெறகு எதுக்குக் கேட்டு வாங்குனீங்க?”

“ஆபீஸ்ல எல்லாரும் வாங்குனாங்க.”

“த்தூ.”

நாய் அவள் கால்களுக்கிடையிலிருந்து தலையை எடுத்தது. ஒரு எட்டு வைத்து, பயந்துபோய் நிற்கும் அந்த மனிதரின் கையை முகர்ந்தது. நடுக்கம் இல்லை.

அன்றிலிருந்து சவரிராயன் வாசலிலேயே பதனத்தை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். நாய்க்குப் புண் ஆறியது. ‘நாத்தம்’ என்று கூப்பிட்டால் ஓடி வந்தது. பிரகாசி அதைக் குளிப்பாட்டினாள். ஒவ்வொரு தடவையும் ஓங்கரித்துக்கொண்டே குளிப்பாட்டினாள். ஓங்கரிப்பு நின்ற பாடில்லை. நாய்க்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை.

அலுவலர் செண்பகவடிவு ஒரு காலை வேளையில் வந்தார். கஞ்சி போட்ட சேலை, தோளில் அன்பை அளக்கும் அன்புமானி. படியேறும்போதே துறை கொடுத்த பதனம் அவருக்கு முன்னால் வந்துவிட்டது. அடுப்படியில் படுத்திருந்த நாத்தம் அலறிக்கொண்டு குளியலறைக்குள் பாய்ந்து வாளிக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. போகிற வழியெல்லாம் ஈரம்.

“தெளியவே இல்லையேம்மா” என்றார் செண்பகவடிவு. அன்புமானியைப் பிரகாசியின் பக்கம் திருப்பியவர் முகம் சுளித்தார். “என்னம்மா இது, பச்சையாவா நிக்கீங்க? அதுவும் இவ்வளவு அருவருப்போட? இதுல அன்புன்னு ஒண்ணு மருந்துக்குக்கூட இல்லையே.”

“இல்லதான். நாயப் புடிக்காது எனக்கு.”

“பெறகு எப்படி இதக் குடுத்துட்டுப் போவேன்? நான் கூட்டிட்டுப் போகணும்.”

“கூட்டிட்டுப் போயி?”

 செண்பகவடிவிடமிருந்து தாய்ப்பாசம் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. பிரகாசிக்கு நாய்ச் சீழைப் பார்த்தபோதுகூட இப்படிக் குமட்டியதில்லை.

“ஊசி போடப்போற ஆளு பாசத்த ஊத்திக்கிட்டு நிக்கீங்களே, ஒங்களுக்கே கூசலியா? ஒங்க டப்பாவ மூடுங்க. மூடிட்டு அதக் கூப்பிட்டுப் பாருங்க.”

“வேலை நேரத்துல அணைக்கக் கூடாதும்மா.”

“சரி, மூட வேண்டாம். அத அடிச்சவன் என்னத்த ஓட்டிக்கிட்டு அடிச்சான்னு ஒங்க மெசின்ல தெரியுமா?”

தெரியும். நாளெல்லாம் ஒரே உணர்வை வாங்கிய மணியில் தடம் விழுந்திருக்கும். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அடித்தவன் கோபத்தில் அடித்திருப்பான் என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். செண்பகவடிவு குளியலறை வாசலில் உட்கார்ந்து, நடுங்கும் அந்த மண்டைக்கு நேராக அன்புமானியைப் பிடித்தார். பிறகு ஒரு தடவை தட்டிவிட்டு மறுபடியும் பிடித்தார்.

“என்ன சொல்லுது?” என்றார் சவரிராயன்.

“தாய்ப்பாசம்.” செண்பகவடிவின் குரல் தேய்ந்தது. “கடையில விக்கிற அதே பதனம். எங்க துறையில எங்களுக்குக் குடுக்கதும் இதான்.”

“அடிக்கும்போது எதுக்குப் பாசம்?”

“கோவத்தக் காட்டுனா நாய் ஓடிப்போவும்ங்க” என்றாள் பிரகாசி. “பாசத்தக் காட்டுனா நிக்கும். நின்னாத்தான சூடு வைக்க முடியும்?”

 செண்பகவடிவின் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது. பதனம் அணைந்தது. அடியிலிருந்து வந்தது பிரகாசிக்கு நன்றாகப் பழக்கமானதுதான்: நெஞ்சுக்குழி வரை ஏறி நிற்கும் அருவருப்பு. பண்ணைக்காரன்மீதும், துறையின்மீதும், இத்தனை நாளும் எத்தனையோ நாய்களுக்கு முன்னால் அதே பாசத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்த தன்மீதும்.

வாளி நகர்ந்தது. நாத்தம் வெளியே வந்து, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர்களுக்கு நடுவில் படுத்தது. கொஞ்ச நேரத்தில் அதற்குக் குறட்டை வந்தது.

“இதுக்கு நான் என்னன்னு மேல சொல்ல?” என்றார் செண்பகவடிவு. “அன்பு இல்ல, ஆனா நாய் தெளிஞ்சிட்டுன்னா சிரிப்பாங்க. காட்ட ஏதாவது வேணும். ஒங்க அருவருப்பப் பதிஞ்சு குடுங்கம்மா. கூண்டுல இன்னும் நெறைய கெடக்கு. அதுகளுக்கு முன்னால இத ஓட்டிக் காட்டுதேன். தெளிஞ்சா எல்லாம் பொழைச்சிடும், இதும் ஒங்களுக்கே.”

“இதையும் டப்பாவுல அடைக்கணுமா?”

“இல்லன்னா நான் இதக் கையோட கூட்டிட்டுப் போகணும்.”

பிரகாசி குறட்டை விடும் நாயைப் பார்த்தாள். எச்சில் வழிந்து தரையில் தேங்கியிருந்தது. “சீ” என்றாள். “பதிஞ்சுக்கோங்க.”

கூண்டுகளில் கிடந்த நாய்கள் தெளிந்தன. எழுந்து நின்று தின்றன, வாலாட்டின. மீட்புத் துறை விழா எடுத்தது. நாயை நம்பவைக்கும் உணர்வு கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி பரவியது. தத்தெடுத்த வீடுகளுக்கெல்லாம் ‘பச்சை வகை’ என்ற பெயரில் பிரகாசியின் அருவருப்பு போனது. பிறகு கடைக்கும் வந்தது. தாய்ப்பாசம் அலுத்துப்போனவர்கள் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, உண்மையானவர்கள் என்று பெயர் எடுத்தார்கள். சவரிராயனின் அலுவலகத்தில் எல்லோரும் பிரகாசியின் குமட்டலோடு ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

“இன்னைக்கு மேனேஜர் எனக்குக் கை குடுத்தாரு” என்று அவர் வந்து சொன்னார். “அப்படியே நீ என்னையப் பாக்க மாதிரியே இருந்துச்சு.”

“அந்த ஆபீசுக்கு இனிமே நான் சோறு கட்டித் தரமாட்டேன்.”

மழைக்காலம் முடிந்த பிறகு செண்பகவடிவு மறுபடியும் வந்தார். இந்தத் தடவை பதனம் இல்லாமல்தான் படியேறினார். கையில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் குட்டியும் இல்லாத, வளர்ந்தும் முடியாத ஒரு நாய். முன்னங்காலில் வட்டம் வட்டமாகப் புதுச் சூடு.

“வேற எடத்துல பண்ணை ஆரம்பிச்சிருக்காங்க. அங்க புடிச்சது. எந்த வீட்லயும் தெளிய மாட்டேங்குது. ஒங்ககிட்ட விட்டுப் பாக்கலாம்னு...”

பிரகாசி அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். வாடை மூக்கில் ஏறியது. வழக்கம்போல வயிறு புரண்டது.

நாய் அவளைப் பார்த்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கி, சுவரில் மோதி, முதுகை வளைத்தது. பின்னங்கால்கள் வெடவெடத்தன. ஈரம் படிக்கட்டில் வழிந்து இறங்கியது.

செண்பகவடிவு அன்புமானியை எடுத்து நாயின் மண்டைக்கு நேராகப் பிடித்தார். பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார். பிரகாசியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

“சொல்லுங்க” என்றாள் பிரகாசி. “நாந்தான?”

“நாய் நம்பி நிக்கிற உணர்வுன்னு நாமதான ஊரெல்லாம் சொன்னோம். மொதல்ல அத வாங்குனதே பண்ணைக்காரங்கதான்.”

சவரிராயன் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். “நான் வேணும்னா தாய்ப்பாசத்தப் போடட்டுமா? இதுக்கு அது ஒத்துக்கிடும்லா?”

“போட்டா உள்ள கெடக்க நாத்தம் பயந்தே சாவும்.”

“ஒங்ககிட்ட வேற ஏதாவது இருக்காம்மா?” செண்பகவடிவு கெஞ்சினார். “அவங்க கைக்கு இன்னும் போகாதது? எதுன்னாலும் சரி.”

“இருந்தாலும் ஒங்களுக்குத் தரமாட்டேன்.”

பிரகாசி தட்டை வாசலுக்கு உள்ளே வைத்தாள். அகப்பையைப் புருஷன் கையில் கொடுத்தாள். “நீங்க பயந்துக்கிட்டே போடுங்க. அத ஒருத்தனும் இன்னும் அடைக்கல. யாரு கேட்டாலும் குடுத்துராதீங்க.” கயிற்றைக் கதவில் கட்டிவிட்டு, செண்பகவடிவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தங்கள் உணர்வு புது நாய்க்கு எட்டாத தூரத்துக்கு மாடிப்படியில் இறங்கிப்போய் உட்கார்ந்தாள்.

வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தட்டு தரையில் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் நக்கும் சத்தம், இரண்டு நாக்குகளின் சத்தம்.

பிரகாசிக்குள் ஏதோ இளகிக்கொண்டு வந்தது. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. அது மேலே போய் அந்த நாய்களைத் தொட்டுவிடுமோ என்று பயந்து, எழுந்து, இன்னும் நாலு படி கீழே இறங்கினாள்.