சிவப்பு மையின் அடியில்

ஊர்த் திருவிழாவுக்கான புகைப்படக் கண்காட்சி திறக்க இன்னும் நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது.

மோகனூரில் வருடக்கணக்காக மூடிக் கிடந்த ஸ்டுடியோவை வசந்தாமணி அக்கா திறந்துவிட்டார். அவர் அப்பா அர்த்தநாரி, பிலிம் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே ஊரைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்து வைத்தவர். ஆற்றுத்துறை, தேர், கல்யாணங்கள் என்று நூற்றுப் பன்னிரண்டு தகடுகள். அவற்றை ஸ்கேன் செய்து பெரிய படங்களாக்க வேண்டும். நான் வேதியியல் படித்தவள். தகடுகளோடு பழகுவது எனக்குச் சுலபம். மனிதர்களோடு அப்படியில்லை.

"ஏங் கண்ணு, காத்தால இருந்து ரண்டே வார்த்ததான் பேசியிருக்கற. மிச்சத்த நோம்பிக்கு வச்சிருக்கறயா?" என்றார் அக்கா.

சிரித்தேன். கையிலிருந்த தகட்டின் தூசியைத் தட்டினேன்.

விழாக் குழுத் தலைவர் ஆனந்தகுமார் வாசலில் நின்றபடியே பேசினார். "நாலு தகட்டுல சிவப்பு மை பூசியிருக்கும். தொடச்சுராதீங்க. எங்க சாலம்மா அத்தை. அறுவது வருசத்துக்கு முன்னால எவங்கூடயோ ஓடிப்போனவ. எங்க தாத்தா அழிக்கச் சொன்னது. விழா முடிஞ்சதும் அந்த நாலையும் குடுத்துருங்க, காவேரில போட்டர்றேன்."

"சரிங்க" என்றேன்.

நெகட்டிவில் மை பூசிய இடம் படத்தில் வெள்ளையாக விழும். முதல் தகட்டில், ஆற்றுத்துறைப் படிகளின் கடைசியில், பெண் வடிவத்தில் ஒரு வெள்ளை. தூசி தெரிந்ததால் இன்னொரு முறை ஸ்கேன் செய்தேன்.

வெள்ளை மூன்று படி மேலே ஏறியிருந்தது.

தகட்டைச் சரியாக வைத்திருக்க மாட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவது தகடு, தேர்க் கூட்டம். இரண்டு முறை ஸ்கேன் செய்தேன். பின்வரிசையில் இருந்த வெள்ளை முன்வரிசைக்கு வந்திருந்தது. மூன்றாவது, ஆனந்தகுமார் வீட்டுத் தூண்களுக்கு முன்னால் குடும்பப் படம்; ஒரு தூணை மறைத்தபடி வெள்ளை. அதை இரண்டாம் முறை ஸ்கேன் செய்யவில்லை.

தகட்டில் படமாக இருப்பது வெள்ளித் துகள்கள்; ஒரு முறை படிந்தால் அவை நகராது. எனக்குத் தெரியும்.

பாசி பிடித்த கிணற்று வாடை வந்தது. வெளியே உச்சி வெயில். உள்ளே, காய்ந்த சிமென்ட் தரையில், ஈரக் காலடிகள். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தன.

திரும்பவில்லை.

நாலாவது தகட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது.

மை கரைந்தது.

பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அறுபது வருடமாக ஒருத்தி தன் முகத்தைக் கேட்டு நிற்கிறாள். நாளை மறுநாள் அதை ஆற்றில் போடுவார்களாம். காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்தேன். ஓரத்திலிருந்து மெல்லத் துடைத்தேன். மை முழுக்கக் கழன்று வந்தது.

காயவைத்து ஸ்கேன் செய்தேன். படம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கியது. அதே தூண்கள். நாற்காலியில் ஓர் இளம்பெண். மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு வெள்ளைத் துணிக் கட்டு. பல்வலி போல என்று நினைத்தேன். பிறகு கைகள். பிறகு பாதங்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

பின்னால் வசந்தாமணி அக்காவின் டீ டம்ளர் விழுந்தது.

"அக்கா, இது..."

"சொல்லாத சாமி." அவர் குரல் இறங்கிப்போனது. "சாலம்மாளோட அம்மா அழுது கூப்புட்டு எடுத்த படம். தகட ஒடச்சுப் போடுன்னு ஆனந்தகுமாரோட தாத்தா, அந்தப் பெரியவரு சொன்னாராம். மை பூசிர்றனுங்கன்னு எங்கப்பா காப்பாத்தி வச்சாரு. அதும் தண்ணில கரையற மை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு மேல அவரு சாகற வரைக்கும் வாயத் தொறக்கல."

விழா அன்று காலை பத்து மணி. மண்டபத்தின் நடுச்சுவரில், எல்லாவற்றிலும் பெரியதாக, அந்தப் படத்தை நானே மாட்டினேன்.

"ஆரக் கேட்டு மாட்டுனீங்க?" ஆனந்தகுமாரின் குரலில் மண்டபமே திரும்பியது. "ஊட்ட உட்டு ஓடுனவளுக்குப் படம் ஒரு கேடா? கழட்டுங்க!"

அவர் தோளுக்குப் பின்னால் மற்ற மூன்று படங்களும் தெரிந்தன. ஆற்றுத்துறைப் படிகள் முழுதாக இருந்தன. தேர்க் கூட்டத்தில் இடைவெளி இல்லை. குடும்பப் படத்தில், வெள்ளை நின்ற இடத்தில், தூண் மட்டும்.

வெள்ளை எதிலும் இல்லை.

தரையில் ஈரக் காலடிகள், அந்தச் சுவரிலிருந்து என்னை நோக்கி. கிணற்று வாடை. என் கழுத்தில் ஒரு சொட்டு, சில்லென்று.

நான் விலகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கூட்டத்தின் முன்னால் என் குரல் எனக்கே கேட்டது.

"சாலம்மாள் எங்கயும் ஓடலைங்க. இந்தப் படம் எடுக்கறப்ப, உங்க வீட்டுல, உங்க தூணுக்கு முன்னாடி, பொணமா உக்காந்திருந்தாங்க."