வாசல் தாண்டுவதற்குள் ஒரு சிரிப்பு

கண்ணிமைகளின் மேல் விழுந்துகொண்டிருந்த விளக்குச் சூடு எப்போது போனதென்று ஜெகதீஸ்வரிக்குத் தெரியவில்லை. ஆனால் 'கட்' என்று யாரும் சொல்லவில்லை. அது நிச்சயம். உடம்பு செத்துக் கிடந்தாலும் அந்த ஒரு சொல்லுக்காக அவள் காது விழித்துக்கொண்டே இருக்கும். நேற்று வந்த பழக்கமா அது?

ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டை வாடகைக்குப் பிடித்து டிவிக்கு ஒரு டெலிமூவி எடுத்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன அம்மாவாக அவள் கூடத்தின் நடுவில் பெட்டிக்குள் படுத்திருந்தாள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, கால் கட்டைவிரல்களில் கட்டு, நெற்றியில் ஒட்டிய காசு, எல்லாம் முறைப்படி. டைரக்டர் சுகுமாரன் கேமராவைத் தொடுவதற்கு முன் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா, இது கொஞ்சம் நீளமான ஷாட்லா. நான் கட் சொல்ற வரைக்கும் மூச்சு தெரியக்கூடாது."

"நீ உன் கேமராவப் பாரு தம்பி. என் மூச்ச நான் பாத்துக்கறேன்."

வாய்த்துடுக்கு இல்லை, உண்மையைத்தான் சொன்னாள். மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, நூலாக மெலித்து, கேமராவின் கண்ணுக்கே தெரியாமல் ஓட்டும் வித்தை அவளுக்குப் பதினாறு வயதில் வந்தது. பைராம் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழா மேடையில் முதல் நாடகம். செத்துக் கிடக்கும்போது கட்டெறும்பு ஒன்று கழுத்தில் ஏறி, காதோரம் கடித்து, சட்டைக்குள் போனது. அவள் அசையவில்லை. தோட்டத்துப் பெண்கள் மேடைக்கே ஏறி வந்து மாரடித்து அழுதார்கள். அன்றைக்குப் பிடித்த சனியன், விடவேயில்லை. தோட்டத்து மேடை, டவுன் மேடை, வானொலி, டிவி, சினிமா என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கினாள். கதாநாயகியாக ஆடிப் பாடியபோது கிடைக்காத விருது, செத்துப்போகும் அம்மாக்களாகப் படுத்தபோது கிடைத்தது. சுங்கை பினாங் வீட்டின் கண்ணாடி அலமாரியில் இருக்கும் கேடயங்களில் பாதி, பேசாமல் கிடந்ததற்காகக் கொடுத்தவை. அதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

சிரிப்பு என்றதும் வெரோனிக்கா ஞாபகம் வந்தது. அவளுடைய மேக்கப்காரி, பாதி வாழ்க்கை கூடவே இருந்தவள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறவள்தான், ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் யாரையும் விடமாட்டாள். பிணமாகப் படுத்தவர்கள் ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கட்டை அவிழ்ப்பாள். "படுத்தவங்க வாசல் தாண்டறதுக்குள்ள சிரிச்சிடணும் அக்கா. இல்லேன்னா ஆகாது." ஒருமுறை ஒரு நடிகர் நேரமாகிவிட்டதென்று சிரிக்காமல் கெரேத்தாவில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பற்றிக் கேட்டால் வெரோனிக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

இன்றைக்கு வெரோனிக்காவுக்குக் காய்ச்சல். வரவில்லை.

மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டின் நடுவே கூரை திறந்திருந்த முற்றத்தில் நீர் விழும் சத்தம், ஊதுபத்திப் புகை, ஈரச் சுவரின் பூஞ்சை வாடை, யாரோ ஆற்றிய காப்பியின் மணம், அழுகைக்காக அழைத்து வந்த பெண்களின் விசும்பல் எல்லாம் ஒன்றாகக் கலந்து பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. தெருவில் நின்ற ஜெனரேட்டரின் உறுமலை மட்டும் காணோம். விளக்கில்லாமல் இயற்கை வெளிச்சத்தில் எடுக்கிறான் போலிருக்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் பெருமை என்று நினைத்துக்கொண்டாள். முதுகு மரத்துப் போயிருந்தது. மூக்கு நுனி அரித்தது. அதனாலென்ன? ஷாட் நடுவில் கண் திறந்த ஒரு புதுப் பையனை அவள் நாள் முழுக்கத் திட்டித் தீர்த்திருக்கிறாள். இப்போது அவளே எழுந்தால் மானம் போய்விடும்.

அழுகை பெருத்தது. அதில் ஒரு குரல் தனியாகக் கேட்டது.

"ஜெகதாக்கா, இப்படிப் போயிட்டீங்களே."

கதையில் அவள் பெயர் மரகதம். பெயரை மாற்றிச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். இனி சுகுமாரன் கத்துவான், கட் சொல்வான், எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். ஜெகதீஸ்வரி காத்திருந்தாள். அவன் கத்தவில்லை.

மணிக்கட்டில் ஒரு விரல் பதிந்தது. குளிர்ந்த உலோகம் ஒன்று நெஞ்சில் பட்டது. இமையை யாரோ விலக்க, வெள்ளை வெளிச்சம் குத்திவிட்டு மறைந்தது. கதையில் டாக்டர் கிடையாது. அவள் வசனப் புத்தகத்தை முழுக்கப் படித்தவள்.

"ஹார்ட்தான். படுத்தபடியே போயிருக்கு" என்றது ஒரு குரல், சாவகாசமாக.

அப்புறம் மழை நின்றது. மறுபடி பெய்தது. நடுவில் எவ்வளவு நேரம் போனதென்று பிடிபடவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஈரச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழற்றும் சத்தம். அந்தத் தேய்ப்பை அவளுக்குத் தெரியும்.

கூடப்பிறந்த தம்பி சுப்பையா.

நிபோங் திபாலில் இருக்கிறவன். நடிப்புத் தொழிலே பிடிக்காதவன். அவள் நடித்த எந்த இடத்திலும் இன்றுவரை கால் வைக்காதவன். அவனை யார் இங்கே கூப்பிட்டது?

"எப்படிய்யா? நல்லாத்தானே இருந்துச்சு?" அவன் குரல் உடைந்தது.

"நான் கட் சொன்னேண்ணே. சாமி சத்தியமா சொன்னேன்." சுகுமாரன் அழுதுகொண்டிருந்தான். "அக்கா எந்திரிக்கல. இன்னும் நடிக்கறாங்கன்னு நெனச்சோம். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம்."

கைதட்டலா? அதுகூட அவள் காதில் விழவில்லையே. அந்த நிலையிலும் முதலில் வலித்தது அதுதான். அப்புறம்தான் பயம் வந்தது.

போதும். எழுந்துவிடலாம். மானம் போனால் போகட்டும். கண்ணைத் திறந்தாள். திறக்கவில்லை. கையைத் தூக்கினாள். அது நெஞ்சின் மேல் இருந்தபடியே இருந்தது. கட்டைவிரலையாவது. அதுவும் இல்லை. சரி, மூச்சை இழுத்துவிடலாம், நெஞ்சு ஏறி இறங்கினால் யாராவது பார்ப்பார்கள். மூச்சைத் தேடினாள். அடிவயிற்றில் நூலாக்கி வைத்த மூச்சு, வைத்த இடத்தில் இல்லை.

சுப்பையாவின் கண்ணீர் அவள் புறங்கையில் விழுந்தது. சுட்டது. சுடுகிறதடா தம்பி, எனக்குச் சுடுகிறது, பாரடா என்று அவள் உள்ளுக்குள் கதறினாள்.

"வீட்டுக்குக் கொண்டு போவோம்" என்றான் அவன்.

"சுங்கை பினாங்ல தண்ணி ஏறிடுச்சுண்ணே. உள்ள போவ முடியாது. இங்கேருந்தே எடுத்துடலாம். பத்து லஞ்சாங்ல சொல்லியாச்சு" என்றான் சுகுமாரன்.

"இந்தப் பெட்டியிலயேவா?"

"அக்காவே படுத்த பெட்டிண்ணே."

பத்து லஞ்சாங்கில் இருப்பது சுடுகாடு. அங்கே மின்சார அடுப்பு. வாசல் தாண்டுவதற்குள் எழுந்தாக வேண்டும். தாண்டிவிட்டால் அவ்வளவுதான்.

காலடிகள் கூடின. நாற்காலிகள் இழுபட்டன. அழுதவர்கள் இப்போது அவளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எந்த மேடை, எந்தப் படம், எந்த வருஷத்து விருது என்று எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் சொன்னார்கள். திருத்த முடியவில்லை. பைராம் தோட்டத்து எறும்புக் கதையை யாரோ சொல்ல, "அப்பவே பொணம் மாரி படுக்கத் தெரிஞ்சவங்க" என்றது ஒரு குரல். ஆமாம் என்றார்கள் எல்லோரும்.

அப்போது அந்த வாடை வந்தது. தைல எண்ணெயும் முகப்பவுடரும் கலந்த வாடை.

"தள்ளுங்க. மொகத்த நான்தான் பாக்கணும்."

வெரோனிக்கா. கடவுளே, வெரோனிக்கா வந்துவிட்டாள். காய்ச்சலோடு வந்துவிட்டாள். இவள் கேட்பாள். இவள் ஒருத்திதான் கேட்பாள்.

பஞ்சு நெற்றியில் ஒற்றியது. பிறகு நின்றது.

"சுகு, அக்கா சிரிச்சாங்களா?"

சுகுமாரன் மூக்கை உறிஞ்சினான்.

"கேக்கறேன்ல? ஷாட் முடிஞ்சு சிரிச்சாங்களா இல்லியா?"

"எங்க சிரிச்சாங்க? அதுக்குள்ளதான்..."

"சிரிக்காம வாசலத் தாண்டக்கூடாது."

"என்னம்மா பேசற நீ, எழவு வீட்ல?" என்றான் சுப்பையா. வெரோனிக்கா அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவள் மூச்சு ஜெகதீஸ்வரியின் காதில் சூடாகப் பட்டது. தாடைத் துணியின் முடிச்சு அவிழ்ந்தது.

"அக்கா, சிரிங்க."

ஜெகதீஸ்வரி சிரித்தாள். தன்னிடம் இருந்த எல்லாச் சிரிப்பையும் எடுத்தாள். பதினாறு வயதுச் சிரிப்பு, கதாநாயகிச் சிரிப்பு, வில்லியின் சிரிப்பு, விருது வாங்கியபோது சிரித்த பொய்ச் சிரிப்பு. ஒன்றும் உதடு வரை வரவில்லை.

"சிரிங்க அக்கா. நேரமாவுது."

முடியலடி.

இரண்டு கட்டைவிரல்கள் அவள் வாயோரங்களில் பதிந்தன. அழுத்தின. தோலை மெல்ல மேலே தள்ளின. அங்கேயே பிடித்தன. விட்டன. உதடு தள்ளிய இடத்திலேயே நின்றது. பல்லில் காற்று பட்டது.

கைப்பேசி ஒன்று க்ளிக் என்றது.

"ஆச்சு" என்றாள் வெரோனிக்கா.

மூடி இறங்கியது. மழைச் சத்தம் தூரமானது. ஆணிகள். ஒன்று. இன்னொன்று. இருட்டு. புதுப் பலகையின் வாசனை.

அடிவயிற்றில் ஏதோ அசைந்தது.

நூல். அவள் நூல். மூச்சு.

ஏறியது. நெஞ்சுக்கு. தொண்டைக்கு. அவள் அலறப் போனாள். வாய் சிரிப்பாக இருந்தது. அலறல் அந்த வாய் வழியாகத்தான் வந்தது. சிரிப்பாக வந்தது. நிறுத்த முடியவில்லை. வாழ்நாளில் இப்படிச் சிரித்ததில்லை. கண்ணில் நீர் வழிய, கட்டிய கால்கள் பலகையில் உதைபட, சிரித்தாள்.

வெளியே உருமி மேளம் தொடங்கியது.

மேளத்துக்கு நடுவே, மூடியின் மேல் ஓர் உள்ளங்கை பதிந்தது. தைல வாடை பலகை இடுக்கு வழியே உள்ளே வந்தது. முகத்துக்கு நேர் மேலே, மிகக் கிட்டத்தில், வெரோனிக்காவின் குரல்.

"கேட்டுச்சு அக்கா."

அப்புறம் அவள் மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னாள்.

"சிரிச்சிட்டாங்க. இப்ப தூக்குங்க."